எருமைக்கு வந்த பதில்

அந்த ஜப்பானிய நாவலை நான் திருடினேன் என்றுதான் சொல்ல வேண்டும். பெரம்பலூர் நூலகத்தில் அண்ணனின் அட்டையில் எடுத்தது. பதினைந்து நாளில் திருப்பியிருக்க வேண்டும். அதற்குள் என்னைப் பெண் பார்க்க வந்தார்கள், பிடித்துவிட்டது என்றார்கள், மாப்பிள்ளை குவைத்திலிருந்து லீவில் வந்திருக்கிறார், லீவு முடிவதற்குள் தாலி கட்டியாக வேண்டும் என்றார்கள். நான் பெட்டி அடுக்கியபோது புத்தகமும் புடவைகளுக்கு அடியில் சேர்ந்துகொண்டது. அது 1997.

அந்தப் பங்குனியில்தான் அம்மா என்னைத் திருமழபாடிக்கு நந்தி கல்யாணம் பார்க்க இழுத்துக்கொண்டு போயிருந்தாள். அதைப் பார்க்கிற பெண்ணுக்குச் சீக்கிரமே கல்யாணம் கூடிவரும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. காளைக்கு நடந்த கல்யாணத்தைப் பார்த்து எனக்குக் கல்யாணம் ஆனது. பின்னால் நான் எருமையாக மாறிக் கடிதம் எழுதியதில் பெரிய ஆச்சரியம் ஒன்றும் இல்லை.

புகுந்த வீடு அரியலூருக்குப் பக்கத்தில், டவுன் பஸ்ஸில் இருபது நிமிஷம். சுற்றிலும் சுண்ணாம்புக்கல் சுரங்கம். மதியம் வெடி வைத்தால் அலமாரியில் எவர்சில்வர் தட்டுகள் ஒருமுறை கிலுகிலுவென்று அதிரும். முருங்கைக்கீரையை மூன்று தண்ணீரில் அலசாமல் சமைத்தால் பல்லில் நெறநெறக்கும். கல்யாணமாகி நாற்பதாவது நாள் கணவர் விமானம் ஏறிவிட்டார். வீட்டில் மிச்சம் மாமனார், மாமியார், நான், கொல்லையில் ஒரு எருமை.

என்னை யாரும் அடைத்து வைக்கவில்லை. அதைச் சொல்லிவிட வேண்டும். அடித்ததில்லை, பட்டினி போட்டதில்லை. எங்கே போகிறாய் என்றுகூடக் கேட்டதில்லை. "யாரு கூட?" என்று மட்டும் கேட்பார்கள். புருஷன் வெளிநாட்டில் இருக்கிற பெண் தனியாகத் தெருவில் இறங்கினால் ஊர் என்ன சொல்லும் என்பது அவர்கள் கவலை. யார் கூட என்ற கேள்விக்கு என்னிடம் ஒருநாளும் பதில் இருந்ததில்லை. ஆகவே உள்ளேயே இருந்தேன். கதவு திறந்தேதான் கிடந்தது.

வீட்டுக்குள் புத்தகம் படித்தால் வேலையில்லாமல் உட்கார்ந்திருப்பதாக அர்த்தம். மாட்டுக் கொட்டகையில் நின்றால் வேலை செய்வதாக அர்த்தம். எனவே பருத்திக்கொட்டை ஊறுகிற நேரத்தில், கழுநீர்த் தொட்டியின் விளிம்பில் சாய்ந்துகொண்டு நான் ஜப்பானுக்குப் போய்வருவேன்.

அட்டையும் முதல் எட்டுப் பக்கங்களும் இல்லாத புத்தகம் அது. தலைப்பு என்ன, எழுதியவர் யார், தமிழில் கொண்டுவந்தவர் யார், எதுவும் எனக்கு இன்றுவரை தெரியாது. கதையைச் சொல்வது ஒரு பெண் குதிரை. பனி கொட்டுகிற மலையூர். அந்த ஊரில் மனிதர்களும் குதிரையும் ஒரே கூரைக்குக் கீழே இருப்பார்களாம். வீட்டின் ஒரு முனையில் அடுப்பு, மறுமுனையில் லாயம், நடுவே குறுக்கே ஒரு கட்டை. வீட்டில் யார் பேசினாலும் குதிரைக்குக் கேட்கும். குதிரை பேசுவதுதான் யாருக்கும் கேட்காது. மொழிபெயர்த்தவர் தஞ்சாவூர்ப் பக்கத்து ஆளாக இருந்திருப்பார் என்று நினைக்கிறேன். அந்த வீட்டு மருமகளான ஜப்பான்காரி கொழுந்தனை "வாங்க தம்பி" என்று கூப்பிட்டாள், காலையில் பழையது சாப்பிட்டாள்.

கதை என்று பெரிதாக ஒன்றும் நடக்காது. பனி கதவுக்கு மேலே ஏறிவிடும். ஐந்து மாதம் யாரும் வெளியே போக முடியாது. காதில் விழுந்ததையும் மூக்குக்கு எட்டியதையும் மட்டும் குதிரை சொல்லிக்கொண்டே போகும். மருமகள் வருத்தமாக இருந்தாள் என்று ஒரு இடத்திலும் வராது. அவள் கொண்டுவந்து வைத்த தண்ணீர் இன்று ஆறிப்போயிருந்தது என்று வரும், அவ்வளவுதான். எனக்கு முதலில் எரிச்சலாக இருந்தது. உனக்கு நாலு கால் இருக்கிறது, குறுக்குக் கட்டையை ஒரு உதை உதைத்துவிட்டுப் போக வேண்டியதுதானே என்று குதிரையைத் திட்டினேன். பிறகு வெளியே பனி என்பது ஞாபகம் வரும். உதைத்துவிட்டு எங்கே போவது?

பத்து நாளில் முடித்துவிட்டு மறுபடியும் ஒன்பதாம் பக்கத்திலிருந்து ஆரம்பித்தேன். அந்தக் குதிரை பேசுகிற விதம் கொஞ்சம் கொஞ்சமாக என் வாயிலும் ஒட்டிக்கொண்டது.

எங்கள் வீட்டில் கடிதம் என்பது கூட்டுச் சொத்து. குவைத்துக்கு மாதம் இரண்டு நீல ஏரோகிராம், காகிதமே உறையாக மடிகிற வெளிநாட்டுக் கடிதம். விரித்தால் மூன்று மடிப்பு. முதல் மடிப்பு மாமனாருக்கு. மழை, கடலைக்காட்டு நிலவரம், ஊரில் யார் செத்தார்கள் என்பதெல்லாம் அதில். இரண்டாவது மாமியாருக்கு. அவருக்கு எழுதத் தெரியாது, சொல்லச் சொல்ல நான் எழுதுவேன். எண்ணெய் தேச்சுக் குளி, தயிர் சேத்துக்க என்று முடியும். கடைசி மடிப்பு எனக்கு. ஒட்டுவதற்கு முன்னால் மாமனார் ஹாலில் உட்கார்ந்து மூன்றையும் சத்தமாக வாசிப்பார். சந்தேகத்தால் இல்லை. பிழை திருத்துவதாக அவருக்கு நினைப்பு. அதன் பிறகு சோற்றுப் பருக்கையை நசுக்கி விளிம்பில் தேய்த்து ஒட்டுவார். அங்கிருந்து வருகிற கடிதமும் அவர் பெயருக்கு வந்து, அவர் பிரித்து, அவர் வாசித்து, கடைசி வரியில் "அவளையும் கேட்டதாகச் சொல்லவும்" என்று நான் தலைகாட்டுவேன்.

தாலி கட்டியவருக்கு ஆசையாக ஒரு வரி எழுதினால், அதை மாமனார் வாயால் கேட்க வேண்டும். நினைத்தாலே உடம்பு கூசும். எனவே ஆறு மாதமாக என் மடிப்பில் நலம், நலமறிய ஆவல், உடம்பைப் பார்த்துக்கொள்ளவும் என்று எழுதிக்கொண்டிருந்தேன். ஒருநாள் பொறுக்க முடியாமல் இப்படி எழுதினேன்.

"அன்புள்ள சின்ன முதலாளிக்கு, கொல்லையிலிருந்து எருமை எழுதிக்கொள்வது. இங்கு நான் நலம். இப்பவும் விசேஷம் என்னவென்றால், பெரியவர் நேற்று எனக்குத் தவிடு வைக்க மறந்துவிட்டு, நான் பசியில் கத்தியதற்கு என்னையே திட்டினார். பெரியம்மா பால் கறக்கும்போது பக்கத்து வீட்டுக் கதை எல்லாவற்றையும் என்னிடம் சொல்கிறார். நான் யாரிடமும் சொல்வதில்லை. புதிதாக வந்தவளுக்குக் கறக்கத் தெரியவில்லை. கை சில்லென்று இருக்கிறது."

மாமனார் முதல் வரியிலேயே நின்று, கண்ணாடிக்கு மேலே என்னைப் பார்த்தார். எனக்குக் காது சூடாகிவிட்டது. மாமியார் பக்கென்று சிரித்தார். "நிறுத்தாதிங்க, படிங்க. எரும இன்னும் என்னா சொல்லுது?" மாமனார் மேலே படித்தார். தவிடு விஷயம் வந்ததும் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. அப்படியே ஒட்டி அனுப்பினார். குவைத்திலிருந்து வந்த பதிலில், ரூமில் பதினோரு பேரும் எருமையின் கடிதத்தைக் கேட்டுச் சிரித்தார்கள், அடுத்த கடிதம் எப்போது என்று கேட்கிறார்கள் என்று இருந்தது. அங்கேயும் சத்தமாகத்தான் வாசிக்கிறார்கள் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

ஆனாலும் சந்தோஷமாக இருந்தேன். எருமை சொன்னால் குற்றம் இல்லை. மாமியார் என் குழம்பில் உப்பு பார்க்கிற சாக்கில் பாதிக் குழம்பைக் குடித்துவிடுவதை எருமை எழுதியது. மாமனார் ரேடியோவைத் தட்டித் தட்டியே கொன்றதை எழுதியது. நான் எழுதியிருந்தால் திமிர் என்பார்கள். எருமைக்குச் சிரித்தார்கள்.

1998 மே பிறந்ததும், என்னோடு இரண்டு வருஷ ஆசிரியர் பயிற்சி முடித்த தோழி ஒருத்தி வீட்டுக்கு வந்தாள். அரியலூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்புக்கு டீச்சர் தேவை, தலைமை ஆசிரியையிடம் என்னைப் பற்றிச் சொல்லியிருக்கிறாள், ஜூனில் திறக்கிற அன்று சர்டிபிகேட்டோடு போய் நின்றால் போதும். மாமியார் அவளுக்குக் காபி கொடுத்தார். அவள் போன பிறகு நான் மாமனாரிடம் கேட்டேன். கடலை உரித்துக்கொண்டிருந்தவர் நிமிராமலேயே சொன்னார்.

"எனக்கு ஒண்ணும் இல்லம்மா. அவன் ஒரு வார்த்த எழுதட்டும். நான் குறுக்க நிக்க மாட்டேன்."

"அப்ப எழுதிக் கேக்கட்டுங்களா மாமா?"

"அங்க வெயில்ல கெடந்து சாவுறான். இதெல்லாம் எழுதி அவனக் கொழப்பாத."

கணவர் சொல்ல வேண்டும், ஆனால் அவரைக் கேட்கக் கூடாது. இதைவிட நல்ல பூட்டை நான் எந்தக் கடையிலும் பார்த்ததில்லை. இரண்டு நாள் அதையே நினைத்துக்கொண்டு பாத்திரம் தேய்த்தேன். எனக்கு அந்த வேலை வேண்டும். முப்பது பிள்ளைகள் கூச்சல் போடுகிற ஒரு அறையில், கையில் சாக்பீஸோடு நிற்க வேண்டும். அவ்வளவு ஆசையாக நான் வேறு எதையும் கேட்டதில்லை. கல்யாணத்தைக்கூட.

மூன்றாம் நாள் ஏரோகிராம் எழுதுகிற முறை வந்தது. என் மடிப்பில் எருமை எழுதியது.

"ஒரு வருஷமாக ஒரே முளையில் கட்டிக் கிடக்கிறேன். கயிறு தொட்டி வரைதான் எட்டுகிறது. காலையில் ஏரிப் பக்கம் அவிழ்த்துவிட்டால் மேய்ந்துவிட்டு சாயங்காலம் நானே திரும்பி வந்துவிடுவேன். பால் குறையாது. வீட்டு வேலைக்கும் குறை வராது. ரெண்டு வருஷம் பழகிய மேய்ச்சல் மறந்துபோய்விடும் போலிருக்கிறது. ஜூன் முதல் வாரம் புல் வந்துவிடும். அதற்குள் பெரியவருக்கு ஒரு வார்த்தை எழுதுங்கள். அவர் குறுக்கே நிற்க மாட்டேன் என்று சொல்லியிருக்கிறார்."

மாமனார் வாசித்தார். வழக்கம்போல நடுநடுவே சிரிக்கவில்லை. ஆனால் ஒட்டினார். அன்றிலிருந்து நான் போஸ்ட்மேன் சைக்கிள் மணிக்குக் காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். சர்டிபிகேட்டுகளை எடுத்து ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டேன். ஒரு காட்டன் புடவைக்குக் கஞ்சி போட்டு மடித்து வைத்தேன்.

ஜூன் பிறப்பதற்கு இரண்டு நாள் முன்னால் பதில் வந்தது. மாமனார் ஹாலில் உட்கார்ந்து பிரித்தார். நான் அடுப்படி நிலைப்படியில் நின்றேன். கணவரின் உடம்பு, வேலை, புது மேனேஜர் என்று ஒரு பக்கம் போனது. பிறகு வந்தது.

"எருமை ரொம்ப நாளாகக் கட்டியே கிடக்கிறது போலிருக்கிறது. காலையில் ஏரிக்கு அவிழ்த்துவிடவும். சாயங்காலம் தானாகவே வந்துவிடும். பிடித்து வைக்க வேண்டாம். இது என் விருப்பம். மற்றபடி அவளையும் கேட்டதாகச் சொல்லவும்."

மாமனார் கடிதத்தை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். "மவன் எழுதிட்டான். நாளைலேருந்து அவுத்து வுட்டுடுவம்" என்றார்.

மறுநாள் காலை முளையிலிருந்து கயிற்றை அவிழ்த்தார். எருமை நகரவில்லை. இத்தனை நாள் பழக்கம். பின்னால் நின்று இரண்டு கையாலும் தள்ளிக் கொல்லைப் படலுக்கு வெளியே விட்டார். முதல் நாள் படலோரத்திலேயே நின்றுவிட்டது. மூன்றாம் நாள் அதற்கு வழி பிடிபட்டுவிட்டது. ஒன்பது மணிக்குப் போகும், நாலு மணிக்குச் சேறும் பாசியுமாக வந்து நிற்கும். பள்ளிக்கூட நேரம். ஏரி வாசனையோடு வந்து நிற்கிற அதை நான்தான் தண்ணீர் ஊற்றித் தேய்த்துக் கழுவ வேண்டும். அப்படி ஒரு பொறாமை எனக்கு எந்த மனுஷி மேலும் வந்ததில்லை. தேய்க்கிற சாக்கில் இரண்டு முறை அதன் முதுகில் ஓங்கி அறைந்தேன். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

மாமியார் பால் சொம்போடு பக்கத்தில் வந்து நின்றார். "எரும பேருல எழுதுனா பதிலும் எருமைக்குத்தான வரும்" என்றார், மெதுவாக. நான் தேய்ப்பதை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தேன். அவருக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. நீங்களாவது மாமாவிடம் சொல்லுங்கள் அத்தை என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் அவரே சொன்னார். "நான் இந்த வூட்டுக்கு வந்து முப்பத்திரண்டு வருசம் ஆச்சு. அரியலூர் டவுன ஒம்போது தடவ பாத்துருக்கேன். அதுல நாலு தடவ ஆஸ்பத்திரி." சொம்பைத் தொட்டி விளிம்பில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

நான் அப்படியே விடவில்லை. அடுத்த ஏரோகிராமில், எருமையை அவிழ்த்துவிட்டார்கள், ஆனால் கடிதம் எழுதிய எருமை வேறு என்று எழுதினேன். மாமனார் அதைத் தனக்குள் படித்தார். முதல் தடவையாகச் சத்தம் இல்லாமல். "மாட்டுக் கத போதும்மா. வேற ஒண்ணு எடுத்துட்டு வா" என்றார். கோபமே இல்லாத குரல். வேறொரு ஏரோகிராமில் அவர் மடிப்பையும் மாமியார் மடிப்பையும் பார்த்து எழுதி, என் மடிப்பில் "நலம்" என்று ஒரே வார்த்தை எழுதிக் கொடுத்தேன். பருக்கை நசுக்கி ஒட்டினார்.

பள்ளிக்கூடம் திறந்த வாரம் வெள்ளிக்கிழமை, பக்கத்து வீட்டு போனுக்குக் கணவர் கூப்பிட்டார். மாதம் ஒருமுறை அப்படிக் கூப்பிடுவார். மாமனார் பேசி, மாமியார் பேசி, என் கையில் வந்தது. இருவரும் ஆளுக்கொரு பக்கம் நின்றார்கள். பக்கத்து வீட்டுக்காரரும் டி.வி. சத்தத்தை மரியாதைக்காகக் குறைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார்.

"நல்லாருக்கியா?"

"நல்லாருக்கேங்க."

"எரும ஏரிக்குப் போவுதா?"

"போவுதுங்க."

"சரி, வெச்சிடறேன்" என்றார். வீட்டுக்கு வந்து கொட்டகையில் நின்று அழுதேன். அந்த வேலைக்கு வேறொரு பெண்ணை எடுத்துக்கொண்டார்கள். என் கணவருக்கு ஒரு சின்ன விஷயம்கூடப் புரியாது என்று அன்றைக்கு முடிவு செய்தேன். அந்த முடிவோடுதான் அவரோடு குடும்பம் நடத்தினேன். நாவலை அதன் பிறகு தொடவில்லை. கடைசிப் பக்கங்களில் பனி உருகிவிடும் என்று எனக்குத் தெரியும், அதை இன்னொரு முறை படிக்கிற பொறுமை இல்லை. கரையான் தின்றுவிட்டது.

அவர் லீவில் வந்தார், போனார். மகள் பிறந்தாள். எருமையை விற்றார்கள். இடையில் அரியலூரைத் தனி மாவட்டம் என்று பிரித்தார்கள், மறுவருஷமே பெரம்பலூரோடு சேர்த்தார்கள். ஒரு மாவட்டமே வெளியே போய்விட்டுத் திரும்பி வந்தது, நான் வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்தேன். 2004இல் அவர் குவைத்தை முடித்துக்கொண்டு ஊரோடு வந்தார். மகளின் படிப்புக்காகப் பெரம்பலூரில் வாடகை வீடு பிடித்தோம். அங்கே ஒரு நர்சரி பள்ளியில் எனக்கு வேலை கிடைத்தது. முப்பது பிள்ளைகள், நல்ல கூச்சல்.

அடுத்த வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பரணை ஒழித்தபோது அவருடைய பழைய சூட்கேஸில் ஏரோகிராம்கள் கட்டாக இருந்தன. ஒன்றையும் தூக்கிப் போடவில்லை மனிதர். உட்கார்ந்து பிரித்துப் பார்த்தேன். அந்த மே மாதக் கடிதம் மற்றவற்றைவிட நைந்து, மடிப்பில் கிழிந்திருந்தது. "ரெண்டு வருஷம் பழகிய மேய்ச்சல்" என்ற வரிக்குக் கீழே சிவப்பு மையில் கோடு. "ஜூன் முதல் வாரம்" என்பதற்குக் கீழே இரண்டு கோடு.

அவர் மேசை விசிறியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். கடிதத்தை அவர் முன்னால் வைத்தேன்.

"இது அப்பவே புரிஞ்சுதா?"

பார்த்தார். விசிறி இறக்கையைக் கீழே வைத்தார். "புரிஞ்சுது. எந்த எரும ரெண்டு வருசம் படிச்சு மேய்ச்சல் பழகுது?"

"அப்பறம் ஏன் அப்புடி ஒரு பதில எழுதுனீங்க?"

"அப்பா படிப்பாரே." சொல்லிவிட்டு அவருக்கே அது போதவில்லை போலிருந்தது. "அவள வேலைக்கு அனுப்புங்கன்னு நாலு தடவ எழுதுனேன். நாலையும் கிழிச்சுட்டேன். அப்பாவுக்கு உத்தரவு போடுற மாதிரி கை ஓட மாட்டேங்குது. எருமைய அவுத்து வுடுங்கன்னா எழுத முடிஞ்சுது. அவரு புரிஞ்சுக்கிட்டு உன்ன அனுப்பிடுவாருன்னு நெனச்சேன்."

"அவருக்குப் புரிஞ்சுதுங்க. புரிஞ்சுதான் எருமைய அவுத்து வுட்டாரு."

அவர் விசிறி இறக்கையை மறுபடி கையில் எடுத்தார். எனக்கு அதுவரை வராத கோபம் வந்தது. ஏழு வருஷம் இவருக்குப் புரியவில்லை என்று நினைத்து மன்னித்துக்கொண்டிருந்தேன். அந்த வீட்டில் யாருக்குமே புரியாமல் இருந்ததில்லை. அவருக்கும் மாமியாருக்கும் மாமனாருக்கும் முதல் வாசிப்பிலேயே புரிந்திருக்கிறது.

"எல்லாருக்கும் தெரியும்! எல்லாரும் சேந்து ஒரு எருமைய ஏரிக்கு அனுப்பிட்டு உக்காந்துருந்தீங்க!" என்று கத்தினேன். அப்படி ஒரு சத்தம் என் தொண்டையில் இருப்பது எனக்கே தெரியாது. கத்தி முடித்ததும் இரண்டு பேரும் சொல்லிவைத்த மாதிரி திரும்பி வாசலைப் பார்த்தோம். அவர் எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டுக்கூட வந்தார்.

மாமனார் இறந்து அப்போது இரண்டு வருஷம் ஆகியிருந்தது.